கோட்டையைத் தின்ற கோழிகள்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில் ஓர் அரசர் இருந்தார். எந்த நாடு என்று கேட்காதீர்கள். இந்தக் கதையில் அரசர் வருகிறார், தளபதி வருகிறார், ஒரு மாமியாரும் வருகிறார். ஊர்ப்பெயரையும் சொல்லிவிட்டால் யாராவது ஒருவர் தடி எடுத்துக்கொண்டு வருவார்.

அரசர் பெயர் வீரகண்டர். தங்கமான மனிதர். ஆனால் யாருக்கு எது நல்லது என்பதை அவரே முடிவு செய்துவிடுவார்; அது ஒன்றுதான் தொல்லை. பட்டத்து யானைக்குக் குளிருமே என்று ஒரு மார்கழியில் கம்பளம் போர்த்திவிட்டார். யானை கம்பளத்தைத் தின்றுவிட்டு மூன்று நாள் படுத்துக்கொண்டது. அரசரோ, "பாவம், இன்னும் குளிர்கிறது போலும்" என்று இரண்டாவது கம்பளம் அனுப்பினார்.

அந்தச் சபையின் விகடகவி காளத்தி. ஆள் ஒல்லி, வாய் மட்டும் ஊருக்கே போதும். தினமும் சபை கலையும்போது அரசர் தம் கையாலேயே வெற்றிலை மடித்து அவனுக்குக் கொடுப்பார். அந்த வெற்றிலையைக் காளத்தி மெல்லுவான். பற்களைக் கடிப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் தளபதி இடும்பவனார். மற்றவர் அரண்மனை வைத்தியர் சஞ்சீவியார். "நான் வாள் சுற்றி வாங்காத வெற்றிலையை இவன் வாயைச் சுற்றியே வாங்கிவிடுகிறானே!" என்பது தளபதியின் வயிற்றெரிச்சல். அதற்கு வைத்தியரிடமும் மருந்து கிடையாது. அவருக்கும் அதே நோய்தான்.

காளத்தி அரசருக்கு அஞ்சமாட்டான், தளபதிக்கு அஞ்சமாட்டான். அவன் அஞ்சிய ஒரே ஆள் அவன் மாமியார் சிலம்பாயி. அரண்மனைப் புறக்கடைக் கோழிகளை வளர்ப்பது அவள்தான். மாமியார் மாப்பிள்ளையின் முகம் பார்த்துப் பேசக் கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். மற்ற மாமியார்கள் கதவுக்குப் பின்னால் நின்று தூணிடம் பேசுவதுபோலப் பேசுவார்கள். சிலம்பாயி கோழியிடம் பேசுவாள். "ஏண்டி செவலை, மாப்பிள்ளைகிட்டக் கேளு, ஊரைச் சிரிக்க வைக்கிறதெல்லாம் ஒரு வேலையான்னு" என்பாள். செவலை கேட்காது. காளத்திக்குக் கேட்கும். கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகியும் அவள் நேருக்கு நேர் ஒரு சொல் சொன்னதில்லை. வழக்கம் பாதிக் காரணம்தான், மீதிப் பாதி தன்மேல் மதிப்பில்லாமைதான் என்று காளத்தி நினைத்தான். சபையே கைதட்டினாலும் அந்த முள் மட்டும் அவனுக்குள் குத்திக்கொண்டே இருந்தது.

இப்படி இருக்கையில் இளவரசி முல்லைநாயகிக்கு நிச்சயதார்த்தம் வந்தது.

அந்த நாட்டில் நிச்சயதார்த்தம் என்றால் தாம்பூலம் மாற்றுவது மட்டும் போதாது. 'முட்டைச் சத்தியம்' என்று ஒன்று உண்டு. பெண்ணின் தகப்பனாரும் மாப்பிள்ளையின் தகப்பனாரும் எதிரெதிரே நின்று, வலது உள்ளங்கைகளுக்கு நடுவில் ஒரு கோழிமுட்டையை வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். சங்கு ஊதி முடிகிறவரை முட்டை விழவும் கூடாது, உடையவும் கூடாது. இறுக்கினால் உடையும், தளர்த்தினால் விழும், சம்பந்தி உறவும் அப்படித்தான் என்பது அதன் பொருள். அந்த முட்டை பெண் வீட்டுப் புறக்கடைக் கோழி இட்டதாகத்தான் இருக்க வேண்டும். இரவல் முட்டை செல்லாது.

குறித்த நாளில் மாப்பிள்ளையின் தகப்பனார் மல்லேசர் வந்தார். அடுத்த நாட்டு அரசர், மல்யுத்தம் பழகியவர், உள்ளங்கை முறம் அகலம். சிலம்பாயி அனுப்பிய முட்டை வெள்ளித் தட்டில் வந்தது. இரு அரசர்களும் கையை வைத்தார்கள். சங்கு ஊதுகிறவன் மூச்சை உள்ளே இழுப்பதற்குள் 'பொளக்' என்றது. மஞ்சள் கரு வீரகண்டரின் முழங்கை வழியாக ஓடிப் பட்டு அங்கவஸ்திரத்தில் இறங்கியது. இரண்டாவது முட்டை எடுக்கும்போதே உடைந்தது. மூன்றாவதை யாரும் தொடவே இல்லை. தட்டைக் கொண்டுவந்த குலுக்கலிலேயே போய்விட்டது.

மல்லேசர் பெரிய மனிதர். கையைத் துடைத்துக்கொண்டு, "முகூர்த்தம் சரியில்லை போலும். நாற்பது நாளில் அடுத்த முகூர்த்தம் இருக்கிறது, வருகிறேன்" என்றார். கிளம்பும்போது, "அப்போதும் உடைந்தால் தெய்வத்துக்கு இந்தச் சம்பந்தத்தில் சம்மதமில்லை என்று வைத்துக்கொள்வோம்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். இளவரசி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் சபையில் அரசர், "நம் கோழிகளுக்கு என்ன வந்தது?" என்று கேட்டார்.

சஞ்சீவியார் முந்திக்கொண்டார். "வேறொன்றுமில்லை பிரபு, உடற்சூடு. கரு வேகமாக வளர்கிறது, ஓடு எட்டவில்லை. அடியேனின் குங்குமப்பூ லேகியம் ஐந்து நாள் கொடுத்தால் போதும்."

கோழிகளுக்கு லேகியம் புகட்டினார்கள். மூன்றாம் நாள் கோழிகளுக்கு வயிறு கழியத் தொடங்கியது. முட்டை ஓடு இன்னும் மெலிந்து, கையில் எடுத்தால் தளதளவென்று ஆடியது.

அடுத்து இடும்பவனார் எழுந்தார். "பிரபு, இது எதிரியின் ஏவல். என் வீரர்கள் கோழிகளைச் சுற்றி நின்று ஐந்து நாள் பறையறைந்தால் ஏவல் ஓடிவிடும்." பறை அறைந்தார்கள். ஏவல் ஓடியதோ இல்லையோ, கோழிகள் முட்டையிடுவதையே நிறுத்திவிட்டன. பறை ஓய்ந்து இரண்டு நாள் கழித்து ஒரு கோழி முட்டையிட்டது. அதற்கு ஓடே இல்லை. வெறும் தோல்தான் இருந்தது.

அரசருக்குக் கோபம் தலைக்கேறியது. சிலம்பாயியைச் சபைக்கு இழுத்துவரச் செய்தார். அவள் இடுப்பில் ஒரு கோழியோடு வந்து நின்றாள்.

"என் கோட்டைச் சுவரைப் பார்!" என்று அரசர் கர்ஜித்தார். "ஏழு யானை சேர்ந்து முட்டினாலும் அசையாது. அப்பேர்ப்பட்ட கோட்டைக்குள் இருக்கும் கோழியின் முட்டைக்கு வெங்காயத் தோலா ஓடு? இன்னும் முப்பது நாள்கூட முழுதாக இல்லை. என் கோழி இடும் முட்டைக்கு என் கோட்டைச் சுவர் வேண்டும்! இல்லாவிட்டால் கோழிகள் படைவீட்டுக் குழம்புக்குப் போகும். இவள் எல்லை தாண்டிப் போவாள்."

சிலம்பாயி இடுப்பிலிருந்த கோழியை இறுக்கிக்கொண்டாள்.

இதுதான் சமயம் என்று இடும்பவனார் குனிந்து வணங்கினார். "பிரபு, இவள் நம் விகடகவியின் மாமியார். முடியாததை எல்லாம் முடிப்பவர் ஆயிற்றே அவர்! இந்தக் காரியத்தை அவரிடமே ஒப்படைக்கலாம். முடியாவிட்டால் மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரே வண்டியில் எல்லை தாண்டட்டும். துணைக்குத் துணையாயிற்று."

சபை சிரித்தது. வைத்தியர் சற்று அதிகமாகவே சிரித்தார்.

காளத்தி எழுந்து, "அப்படியே ஆகட்டும் அரசே. ஆனால் தாங்கள் சொன்ன சொல்லை ஓலையில் எழுதி முத்திரை வைத்துத் தர வேண்டும்" என்றான். இது அவன் வழக்கம். காலையில் சொன்ன ஆசை மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரசருக்கு மறந்துபோகும். ஆகவே எதையும் ஓலையில் வாங்கிவிடுவான். ஓலைநாயகம் எழுதினார்: 'நம் கோழி இடும் முட்டைக்கு நம் கோட்டைச் சுவர் வேண்டும். அதற்கு ஆவன செய்யக் காளத்திக்கு முழு அதிகாரம் உண்டு.' அரசர் முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

ஓலையை மடியில் செருகிக்கொண்ட காளத்திக்கு என்ன செய்வதென்று ஒரு மண்ணும் தெரியவில்லை. இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். புத்திசாலிகள் எல்லாம் கேள்வி வரும்போதே விடையோடு நிற்பார்கள் என்பது கதை சொல்கிறவர்கள் கட்டிவிட்டது. காளத்தி அன்று வெறும் ஓலையோடுதான் நின்றான்.

நேராகக் கோழி மண்டபத்துக்குப் போனான். ஆம், மண்டபம்தான். மூன்று மாதத்துக்கு முன்பு அரசர் தம் கோழிகள் மண்ணில் புரள்வதைக் கேள்விப்பட்டு மனம் இளகி, பளிங்குத் தரையில் தூண்களோடு ஒரு மண்டபம் கட்டிக்கொடுத்திருந்தார். நெய்ச்சோறும் முந்திரியும் தட்டில் கிடந்தன. கோழிகள் அந்த வழவழப்பில் கால் வழுக்கி வழுக்கி நடந்தன.

சிலம்பாயி ஒரு தூணோரம் அவனுக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தாள். மடியில் செவலை.

"ஏண்டி செவலை, மாப்பிள்ளை வந்திருக்காக. ஒரே வண்டியாம்ல. நான் வண்டிக்குப் பின்னால நடந்தே வந்துருவேன்னு சொல்லு. அவுக பொண்டாட்டி பிள்ளையோட மேல உக்காந்து வரட்டும்."

"அத்தை, நான் இருக்கும்போது வண்டி எதற்கு?" என்றான் காளத்தி. அவன் குரலே அவனுக்குப் பொய்யாகக் கேட்டது.

"ஏண்டி, உடைஞ்ச முட்டையோட ஓட்டை வறுத்துப் பொடிச்சுக்கூடப் போட்டுப் பார்த்தேனே. ஓடுன்னு ஒண்ணு இருந்தால்ல பொடி இருக்கும்! போகட்டும். எல்லையத் தாண்டினா எனக்கென்ன, எங்கயும் கஞ்சி குடிப்பேன். உங்களைக் குழம்பு வைப்பாகளே..." என்றவள் மேலே பேச முடியாமல் கோழியின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

தன்னைப் பத்து வருடமாகக் கோழி வழியாகத் திட்டிய பெண் கோழிக்குள் முகத்தை மறைத்து அழுவதைக் காளத்தி பார்த்தான். தன் பதவி போவது அவனுக்கு அந்த நேரத்தில் பெரிதாகப் படவில்லை. இவள் கோழிகளைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று நினைத்தான்.

வெற்றிலைப் பையை எடுத்துப் பிரித்தான். சுண்ணாம்புக் கரண்டகத்தைத் தரையில் வைத்ததுதான் தாமதம், மொட்டைவாலி என்ற கோழி பாய்ந்து வந்தது. நெய்ச்சோற்றை மிதித்துக்கொண்டு, முந்திரியைத் தள்ளிவிட்டு, கரண்டகத்தின் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த வெள்ளைப் பொருக்கைக் கொத்தியது. பின்னாலேயே இன்னும் நான்கு கோழிகள் ஓடிவந்தன.

"அடி பாவி, அது பச்சைச் சுண்ணாம்புடி! வாய் வெந்துபோகும்!" என்று சிலம்பாயி எழுந்து விரட்டினாள். "இந்த மொட்டைவாலி நாக்கு எப்பவும் இப்படித்தான். பின்கொல்லையில இருந்தப்ப கோட்டைச் சுவத்துப் பழங்காரையக் கொத்திக் கொத்தித் தின்னும். பார்த்து மத்ததும் தின்னும். நானும் குச்சிய எடுத்துக்கிட்டு விரட்டாத நாளில்லை. கடைசியில சுவரு கெடுதுன்னு தளபதிக்கு மூக்குல வேர்த்து, அரசர்கிட்டப் போயி, கோழிக்கு மண்ணு ஆகாதுன்னு நல்லவராட்டம் சொல்லி, இந்த வழுக்குப் பாறையில கொண்டாந்து அடைக்கச் சொன்னாரு."

காளத்தி வாயிலிருந்த பாக்கைத் துப்பினான். "அத்தை, அங்கே இருந்தபோது முட்டை உடைந்ததா?"

"கேக்குறாகளே, சொல்லேண்டி. அப்ப முட்டை கல்லு மாதிரி இருக்கும். தோசைக் கரண்டியால ரெண்டு தட்டு தட்டணும்." சொல்லிவிட்டு அவளே நிறுத்தினாள். கோழியைப் பார்த்தாள். கோழி கரண்டகத்தைப் பார்த்தது.

காளத்தி பின்கொல்லைக்கு ஓடினான். கோட்டை மதிலின் உட்புறம் அங்கே புறக்கடையை ஒட்டி நின்றது. தரையிலிருந்து ஒரு முழ உயரம்வரை, அதாவது ஒரு கோழி கழுத்தை நீட்டினால் எட்டும் உயரம்வரை, காரை முழுவதும் பொத்தல் பொத்தலாக இருந்தது. அதற்கு மேலே ஒரு கீறல் இல்லை. பாட்டனார் காலத்தில் கிளிஞ்சல் சுட்டு அரைத்துப் பூசிய காரை. சூடெல்லாம் ஆறி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. கொஞ்சம் பெயர்த்து விரலில் நசுக்கினான்; மாவாக உதிர்ந்தது. நாக்கில் வைத்தான், சுடவில்லை. முட்டைக்குப் பூச வேண்டிய சுண்ணாம்பைக் கோழிகள் இங்கேதான் வாங்கிக்கொண்டிருந்தன. கடை அடைத்த பிறகு அவை எதைக் கொண்டு பூசும்?

ஆனால் ஒரு சிக்கல். கடலோரத்திலிருந்து கிளிஞ்சல் வண்டி வர ஒன்றரை மாதம் ஆகும். ஊரில் மற்றதெல்லாம் மண் சுவர். கோட்டைச் சுவரில் நகமளவு காரை பெயர்த்தாலும் ராஜத்துரோகம், தலை போகும் என்பது சட்டம். காளத்தி மடியிலிருந்த ஓலையை எடுத்து மறுபடி படித்தான். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

மறுநாள் காலை உச்சி வெயில் ஏறுமுன் கோழிகள் பின்கொல்லை மண்ணில் இறங்கின. ஒரு சிறகடிப்புதான்! புழுதியில் புரண்டன, கீரையைக் கொத்தின, புழுவுக்குச் சண்டை போட்டன. காளத்தி கடப்பாரையால் மதிலின் அடிக்காரையைப் பெயர்த்தான். சிலம்பாயி அதை உரலில் இட்டு, அரிசிக் குருணை அளவுக்கு இடித்து, தனித் தட்டில் வைத்தாள். வேண்டிய கோழி வேண்டியபோது தின்னட்டும் என்று விட்டுவிட்டாள். நெய்ச்சோற்றுக்குப் பதிலாகக் கம்பும் கேழ்வரகும் வந்தன.

காவல்கோபுரத்தின் மேலிருந்து இடும்பவனார் இதைப் பார்த்தார். முதலில் பதறினார். அப்புறம் மீசையைத் தடவிக்கொண்டார். 'இன்று பிடித்தால் ஒரு கூடைக் காரைதான் சாட்சி. முகூர்த்தத்தன்று பிடித்தால் சுவரே சாட்சி சொல்லும். மல்லேசர் முன்னிலையில் துரோகி என்று நிறுத்துகிறேன்' என்று கணக்குப் போட்டார். தினமும் கோபுரத்தில் ஏறி நின்று மகிழ்ந்தார். காளத்தியும் தினமும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, கோபுரத்தைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினான்.

ஏழு நாள் ஆயிற்று. முட்டை மெலிதாகவே இருந்தது. சிலம்பாயி துணிகளை மூட்டையாகக் கட்டி வைத்தாள். "மாப்பிள்ளை சுவத்தை இடிச்சது போதும்னு சொல்லுடி. எல்லையத் தாண்டுறதுக்குத் தலையாவது மிஞ்சட்டும்" என்றாள். காளத்திக்கும் கை சோர்ந்தது. ஆனாலும் கடப்பாரையை விடவில்லை.

பத்தாம் நாள் காலை. சிலம்பாயி கூடையிலிருந்து முட்டை எடுக்கும்போது ஒன்று கை நழுவியது. இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். 'டொக்' என்ற சத்தம்தான் கேட்டது. கண்ணைத் திறந்தால் முட்டை மண்ணில் உருண்டுபோய் உரலில் முட்டி நின்றது. மொட்டைவாலி அதைச் சுற்றிச் சுற்றிக் கொக்கரித்தது. சிலம்பாயி முட்டையைக் கையில் எடுத்து நகத்தால் தட்டினாள். ஓட்டுச் சத்தம் வந்தது. அவள் மூட்டையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டாள். காளத்தி உரலைச் சுற்றி ஒரு கூத்தே ஆடினான்.

முகூர்த்த நாள் வந்தது. சபை நிரம்பியிருந்தது. மல்லேசர் தம் பெரிய கையோடு வந்து அமர்ந்தார். சிலம்பாயி இடுப்பில் மொட்டைவாலியும் கையில் ஒரு கூடை முட்டையுமாகத் தூணுக்குப் பின்னால் நின்றாள். சங்கு ஊதுகிறவன் சங்கைத் தூக்கினான்.

"நிறுத்துங்கள்!" என்று இடும்பவனார் குதித்தெழுந்தார். "பிரபு! சத்தியம் பிறகு ஆகட்டும். முதலில் ஒரு ராஜத்துரோகியைப் பிடிக்க வேண்டும். இந்தக் காளத்தி தங்கள் கோட்டை மதிலைக் கடப்பாரை கொண்டு இடித்திருக்கிறான். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல; இருபத்தெட்டு நாள்! என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்."

வைத்தியர், "ஐயோ, கோட்டையையா!" என்று காதைப் பொத்திக்கொண்டார். மல்லேசரின் புருவம் உயர்ந்தது. அரசர் முகம் சிவந்தது.

"காளத்தி! இது உண்மையா?"

"முழு உண்மை அரசே. தாங்கள் கட்டளையிட்டீர்கள், அடியேன் செய்தேன்."

"நானா? என் கோட்டையை இடிக்க நானா கட்டளையிட்டேன்?"

காளத்தி ஓலையை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்து உரக்கப் படித்தான். "'நம் கோழி இடும் முட்டைக்கு நம் கோட்டைச் சுவர் வேண்டும். அதற்கு ஆவன செய்யக் காளத்திக்கு முழு அதிகாரம் உண்டு.' கீழே தங்கள் முத்திரை. அரசர் வாக்கு அரைகுறையாக நிற்கலாமா? கோட்டைச் சுவரைப் பெயர்த்தேன். இடித்தேன். கோழிக்குக் கொடுத்தேன். கோழி அதை முட்டையைச் சுற்றி எழுப்பிவிட்டது. கொத்தனுக்குக்கூட அவ்வளவு வழவழப்பாகப் பூசத் தெரியாது. சுவரைக் காணோம் என்று தளபதி தேட வேண்டியதில்லை. அது இதோ, இந்தக் கூடைக்குள் இருக்கிறது."

அரசர் கூடையைப் பார்த்தார். கோபமும் வியப்பும் முகத்தில் இடம் பிடிக்கச் சண்டை போட்டன. "சுவர் என்ன ஆயிற்று?"

"மேல்பூச்சில் ஒரு முழ உயரம் போயிற்று, அரசே. உள்ளே கல் அப்படியே இருக்கிறது. யானைகள் வரட்டும், முட்டிப் பார்க்கட்டும்."

"வெறும் வாய்ஜாலம்!" என்று இடும்பவனார் கத்தினார். "காரை தின்ற கோழி கல் முட்டையா இடும்? கொடு இப்படி, நான் நசுக்கிக் காட்டுகிறேன்."

கூடையிலிருந்து ஒன்றைப் பறித்து உள்ளங்கைக்குள் பொதிந்து அமுக்கினார். உடையவில்லை. இன்னும் அமுக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. மீசை துடித்தது. இடது கையையும் சேர்த்துக்கொண்டு நெரித்தார். முட்டை அசையவில்லை. சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

காளத்தி கைகட்டிக்கொண்டு சொன்னான்: "தளபதியாரே, விட்டுவிடுங்கள். ஏழு யானைக்கே அசையாத சுவர் அது. பிரபு, இன்னொரு விண்ணப்பம். இருபத்தெட்டு நாளாக ஒருவன் கோட்டையை இடிப்பதைத் தளபதியார் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறார். அடியேன் தினமும் அவருக்குக் கும்பிடு வேறு போட்டேன். நாளை உண்மையிலேயே எதிரி வந்து இடித்தால், அவனையும் முகூர்த்த நாள் பார்த்துத்தான் பிடிப்பாரா?"

அரசர் தளபதியைத் திரும்பிப் பார்த்தார். தளபதி இரண்டு கையிலும் முட்டையை வைத்துக்கொண்டு, கீழே வைக்கவும் தெரியாமல், நசுக்கவும் முடியாமல் நின்றார். அந்தக் கோலத்தைக் கண்டதும் அரசருக்குச் சிரிப்பு பீறிட்டது. மல்லேசரும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் சத்தியம் நடந்தது. மல்லேசரின் முறம் கையும் வீரகண்டரின் கையும் சேர்ந்தன. நடுவில் மொட்டைவாலியின் முட்டை. சங்கு ஊதுகிறவனுக்கு என்ன உற்சாகமோ, மூச்சு முட்டும்வரை ஊதினான். ஊதி முடித்தபின் கையைப் பிரித்தார்கள். முட்டை முழுதாக இருந்தது. உள்ளேயிருந்து குலவைச் சத்தம் எழுந்தது; எல்லாருக்கும் முந்தி இளவரசியின் குரல்தான் கேட்டது.

அரசர் தீர்ப்புச் சொன்னார். "பின்கொல்லை மதிலின் அந்த ஒரு முழ உயரம் இன்றுமுதல் கோழிகளுக்குச் சொந்தம். வருடந்தோறும் அங்கே புதிதாகக் காரை பூசி, சூடு ஆறுகிறவரை காவலிருந்து, பதமானதும் கோழிகளைக் கூப்பிடுவது தளபதியின் பொறுப்பு. கிளிஞ்சல் வண்டிகளும் வரட்டும். பளிங்கு மண்டபத்தில் வைத்தியர் உட்கார்ந்து தம் லேகியத்தைத் தாமே ஐந்து நாள் சாப்பிட்டுப் பார்க்கட்டும். காளத்தி, என் முத்துமாலையை எடுத்துக்கொள். வேறென்ன வேண்டும், கேள்!"

காளத்தி மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டு, தூணுக்குப் பின்னால் பார்த்தான். "அரசே, சுவரைக் கோழி தின்றதைச் சொன்னவர், காரையை இடித்தவர், கோழியைக் காத்தவர் எல்லாம் ஒருவரே. அடியேன் கடப்பாரை பிடித்த கூலிக்காரன். தங்கள் கையால் ஒரு வெற்றிலை அவர்களுக்குத் தர வேண்டும்."

அரசர் சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்தார். தாமே வெற்றிலை மடித்துச் சிலம்பாயியிடம் நீட்டினார். அவள் முந்தானையை ஏந்தி வாங்கிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. வழக்கம்போல இடுப்பிலிருந்த கோழியைப் பார்த்து, "ஏண்டி மொட்டைவாலி, மாப்பிள்ளைகிட்டச் சொல்லு..." என்று தொடங்கினாள். நிறுத்தினாள். கோழியைத் தரையில் இறக்கிவிட்டாள். பிறகு திரும்பி, பத்து வருடத்தில் முதல்முறையாக, காளத்தியின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, வீட்டுக்கு வாங்க. முட்டைக் குழம்பு வச்சிருக்கேன். உங்களுக்கு ரெண்டு முட்டை."

காளத்தி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தான். அப்போதும் வரவில்லை. கண்ணிலிருந்து இரண்டு சொட்டு மட்டும் முத்துமாலைமேல் விழுந்தது.

"ஆஹா!" என்று அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை வருடமாக என் சபை முழுவதும் சேர்ந்து அடைக்க முடியாத வாயை இந்த அம்மாள் ஒரு குழம்பால் அடைத்துவிட்டாரே! சிலம்பாயி, அந்த மாலைக்கு ஜோடியாக இன்னொரு மாலை உனக்கு!" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கிரீடம் கழன்று தரையில் உருண்டது. மொட்டைவாலி ஓடிப்போய் அதையும் ஒரு கொத்து கொத்திப் பார்த்தது. காரை இல்லை என்று தெரிந்ததும் திரும்பிவிட்டது.

காளத்தி மாமியாரோடு வீட்டுக்குப் போனான். குழம்பில் காரம் சற்றுத் தூக்கல்தான். ஆனாலும் மூன்றாவது முட்டையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.